ஆறு சிறிய உமி உலைகள், ஒரே உலர்த்தி: தம்பலகாமத்து அரிசி ஆலையில் ஓடும் அனல் தொகுதி பற்றிய மதிப்பீடு

திருகோணமலை மாவட்டத்தில் நெல் அவித்து அரிசியாக்கும் சிறிய ஆலைகளை நோக்கி இப்போது விற்கப்படும் கருவிகளுள் ஒன்று, ஆறு சிறிய உமிவாயு உலைகளை ஒரே சட்டகத்தில் வரிசையாக நிறுத்தி, அவை தரும் அனலை ஒன்றுசேர்த்து நெல் உலர்த்திக்கு அனுப்பும் தொகுதி ஆகும். தம்பலகாமத்தில் எனக்கு அறிமுகமான ஒருவரின் ஆலையில் இத்தொகுதி ஒரு பெரும்போகத்தையும் அதைத் தொடர்ந்த சிறுபோகத்தையும் கண்டுவிட்டது. பொருத்தும்போதும், பின்னர் திருத்தும்போதும் இயந்திர வேலை தெரிந்தவன் என்ற முறையில் நான் உடனிருந்தேன். செய்து கொடுத்த பட்டறையின் பெயரை எழுதவில்லை. ஒவ்வொரு கட்டளைக்கும் அவர்கள் அமைப்பை மாற்றுகிறார்கள் என்பதால், பெயரைக் கேட்டு வாங்குவதைவிட அமைப்பைப் பார்த்து வாங்குவதே பயன் தரும். விலையும் அவ்வாறே, இரும்புத் தகட்டின் அன்றைய விலைக்கேற்ப மாறுகிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தனித்தனியாகப் பார்த்தால் இந்த உலைகள் நன்றாகச் செய்யப்பட்டவை; அவற்றை ஒன்றாகச் சேர்த்த விதம்தான் இக்கருவியின் பெறுமதியைத் தீர்மானிக்கிறது, அந்த விதத்தில் பட்டறை பாதி வழிதான் வந்திருக்கிறது. விற்பவர்கள் உலையைக் காட்டி விற்கிறார்கள். வாங்குபவர் பார்க்க வேண்டியது உலைகளுக்கு இடையிலுள்ள குழாய்களை.

ஆறு சிறிய உலைகளுக்குப் பதிலாக ஒரு பெரிய உலை ஏன் கூடாது என்று ஆலைக்காரர்கள் கேட்பது நியாயமே. வெப்ப இழப்பை மட்டும் கணக்கிட்டால் பெரிய உலையே சிறந்தது: ஒரே கொள்ளளவை ஒரே வடிவமுள்ள ஆறு சிறிய உலைகளாகப் பிரித்தால் வெளிப்பரப்பு ஏறத்தாழ 1.8 மடங்காகிறது, சுவர் வழியாகத் தப்பும் அனலும் அந்த அளவில் கூடுகிறது. ஆனால் உமி பெரிய உலைக்குப் பணியும் எரிபொருள் அன்று. ஒரு கனமீற்றர் உமி 100 முதல் 120 கிலோகிராம் வரையே நிறுக்கும். அவ்வளவு இலேசான படுக்கையில் காற்று தனக்கு வசதியான ஒரு துளையைக் கண்டுபிடித்துக்கொண்டு அதன் வழியே ஓடிவிடும், சுற்றியுள்ள உமி கறுக்காமலே கிடக்கும். விட்டம் கூடக்கூட இந்தத் துளையோட்டம் மோசமாகிறது. மேலும் உமியின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சுகிறது, அச்சாம்பலில் மிகப் பெரும்பகுதி சிலிக்கா. சூடு கட்டுமீறிய இடத்தில் அது உருகி ஒட்டிக் கட்டியாகிவிட்டால், பெரிய உலையின் நடுவிலிருந்து அதை உடைத்தெடுப்பது அரை நாள் வேலை. ஆகவே சிறிய உலைகளாகப் பிரித்தது சரியான முடிவு என்றே கருதுகிறேன்.

உலையின் இயக்கம் பலருக்குத் தெரிந்ததே. நெட்டான உருளையில் உமியை நிரப்பி, மேற்புறத்தில் தீ வைத்து, அடியிலிருந்து சிறிய புளோவரால் காற்றை ஊதினால், எரிமுகம் மெதுவாகக் கீழ்நோக்கி இறங்குகிறது; முழுதாக எரிவதற்குத் தேவையான காற்றில் மூன்றில் ஒரு பங்களவே கொடுக்கப்படுவதால் உமி எரிவதற்குப் பதிலாக வாயுவாகிறது, அந்த வாயு மேலே இரண்டாவது காற்றுடன் சேர்ந்து நீலமும் செம்மஞ்சளும் கலந்த சுவாலையாக எரிகிறது. பிலிப்பைன்ஸ் நாட்டுப் பொறியியலாளர் அலெக்சிஸ் பெலோனியோ இதே தத்துவத்தில் உமி அடுப்பை உருவாக்கி 2008இல் ரோலெக்ஸ் விருது பெற்றார். ஆசிய நெல் நாடுகளில் பரவியுள்ள உமிவாயு அடுப்புகள் பலவற்றில் அவரது வடிவமைப்பின் சாயலைக் காணலாம். எங்கள் தொகுதியில் ஒவ்வோர் உலையும் 60 சென்ரிமீற்றர் விட்டமும் ஒரு மீற்றர் உமிப் படுக்கையும் கொண்டது. ஒரு நிரப்புக்கு 31 கிலோகிராம் அளவு உமி பிடிக்கிறது, அது ஏறத்தாழ ஒரு மணி நேரம் சுவாலை தருகிறது.

இனிக் கணக்கைப் பார்க்கலாம். உமி கிலோகிராமுக்கு 13 மெகாஜூல் என்று வைத்தால் ஓர் உலைக்குள் போவது 112 கிலோவாட். கரியாக மிஞ்சுவது, சுவர் வழியே இழப்பது, வெப்பமாற்றியில் விடுபடுவது ஆகியவற்றைக் கழித்துப் பாதி அனல் உலர்த்தியைச் சேர்கிறது என்று கொண்டால் ஓர் உலைக்கு 56 கிலோவாட். ஒரு மணி நேரம் எரிந்த உலையை ஆறவிட்டு, கரியைக் கொட்டி, மறுபடி நிரப்பிப் பற்றவைக்க இன்னும் அரை மணி நேரம் தேவைப்படுவதால், ஆறு உலைகளில் எந்நேரமும் எரிபவை நான்கு மட்டுமே. ஆக மொத்தம் 224 கிலோவாட். விளம்பரத் தாளில் ஓர் உலையின் வலுவை ஆறால் பெருக்கி எழுதியிருக்கிறார்கள். அந்த எண்ணை வாங்குபவர் மூன்றில் இரண்டாகக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

அவித்த நெல் ஏறத்தாழ 32 வீத ஈரத்துடன் வருகிறது, 14 வீதத்துக்கு இறக்க வேண்டும். அதாவது ஒரு தொன் ஈர நெல்லிலிருந்து 209 கிலோகிராம் நீரை ஓட்ட வேண்டும். உலர்த்தியில் ஒரு கிலோகிராம் நீருக்கு 5 மெகாஜூல் செலவாகும் என்று கொண்டால், இத்தொகுதி மணிக்கு 770 கிலோகிராம் ஈர நெல்லை உலர்த்தும். அது காய்ந்து 609 கிலோகிராம் ஆகும். அதைக் குற்றினால் கிடைக்கும் உமி 122 கிலோகிராம். நான்கு உலைகள் அதே மணி நேரத்தில் தின்பது 124 கிலோகிராம். உமிக்கு உமி சரியாகப் போகிறது, அவிப்பதற்கான கொதிகலனுக்கு எதுவும் மிஞ்சவில்லை. இதை எந்த விற்பனையாளரும் சொல்வதில்லை. வெயில் நாட்களில் நெல்லைத் தளத்தில் பாதி காயவிட்டு, மீதியை மட்டும் உலர்த்தியில் முடிக்கும் ஆலைக்கு இது தொல்லையில்லை. வடகீழ்ப் பருவமழை விடாமல் கொட்டும் மாதங்களில் இயந்திரத்தையே முழுக்க நம்பும் ஆலை, வெளியிலிருந்து உமி வாங்கவோ கொதிகலனுக்கு விறகு தேடவோ ஆயத்தமாக இருக்க வேண்டும்.

இப்போது இணைப்பின் கதைக்கு வருகிறேன். முதலில் கொண்டுவந்து பொருத்திய அமைப்பில் ஆறு உலைகளின் வாயுவும் எரியாத நிலையிலேயே ஒரு பொதுக் குழாயில் கலந்து, ஒரே பெரிய எரிமுனையில் எரிந்தது. வரைபடத்தில் இது அழகாகத் தெரியும்: ஒரே சுவாலை, ஒரே இடத்தில் கட்டுப்பாடு. நடைமுறையில் இதைவிட ஆபத்தான ஏற்பாடு இல்லை. உமிவாயுவில் எரியும் பகுதி காபன் மொனொக்சைட்டும் ஐதரசனும் சிறிதளவு மெதேனும் ஆகும். பாதிக்கு மேற்பட்டது வெறும் நைதரசன். காபன் மொனொக்சைட்டு காற்றுடன் 12.5 முதல் 74 வீதம் வரையிலான எந்தக் கலவையிலும் தீப்பற்றும், ஐதரசன் 4 முதல் 75 வீதம் வரை பற்றும். வரிசையில் ஓர் உலையின் உமி எரிந்து தீரும் தருணத்தில் அதற்குள் காற்று இன்னும் ஊதப்பட்டுக்கொண்டிருந்தால், கரிப் படுக்கையைத் துளைத்துக்கொண்டு வெறும் காற்று மேலேறி, மற்ற ஐந்து உலைகளின் வாயு ஓடும் அதே குழாய்க்குள் நுழைகிறது. எரிமுனையில் சுவாலை இருக்கிறது, குழாய்க்குள் வெடிக்கத்தக்க கலவை இருக்கிறது. அந்த ஆலையில் ஒருநாள் சுவாலை குழாய்க்குள் பின்னோக்கிப் பாய்ந்து, ஓர் உலையின் மூடியைத் தூக்கி எறிந்தது. நல்லவேளையாக அந்தப் பக்கம் ஒருவரும் நிற்கவில்லை.

வெடிப்பைத் தவிர இன்னொரு தொல்லையும் அந்தப் பொதுக் குழாயில் இருந்தது. பற்றவைத்த முதல் நிமிடங்களில் வரும் வாயு தாரும் நீராவியும் நிறைந்தது. ஒரே உலை என்றால் அந்த வாயு சூடாகவே எரிந்துவிடும், தார் ஒரு பொருட்டே அன்று. ஆறு உலைகளின் நீளத்துக்கு ஓடும் குழாயில் அது குளிர்ந்து, கறுத்த பாகாகச் சுவரில் ஒட்டி, வாரக்கணக்கில் சேர்ந்து, குழாயின் வாயைக் குறுக்கியது. குறுகிய கிளையில் எதிர்ப்புக் கூட, அந்த உலை மந்தமாகி, இன்னும் கூடுதலான தாரைக் கக்கியது.

பட்டறைக்காரர்கள் குறையை மறுக்காமல் வந்து மாற்றிக் கொடுத்தார்கள் என்பதை அவர்கள் பக்கத்து நியாயமாகப் பதிவு செய்கிறேன். இப்போதைய அமைப்பில் ஒவ்வோர் உலையும் தன் வாயுவைத் தன் தலையிலேயே எரித்து முடிக்கிறது. பொதுக் குழாயில் சேர்வது எரிந்து முடிந்த சூடான புகைவாயு மட்டுமே, அதுவும் வெப்பமாற்றிக் குழாய்களின் வழியே போய்த் தன் அனலைச் சுத்தமான காற்றுக்குக் கொடுத்துவிட்டுப் புகைபோக்கிக்குப் போகிறது. நெல்லில் புகை வாடை ஏறாமல் இருப்பதும் இதனால்தான். எரியக்கூடிய எதையும் சேர்க்காதே, அனலை மட்டும் சேர் என்பதே இத்தகைய தொகுதிகளுக்குரிய முதல் விதி என்று நான் எண்ணுகிறேன். எவ்வளவு தாமதமாக இணைக்க முடியுமோ அவ்வளவு தாமதமாக இணைக்க வேண்டும்.

உமியோடு ஒப்பிடவே முடியாத அளவில், அணு உலைப் பொறியியலிலும் இதே கேள்விக்கு இதே விடையைக் காண்கிறோம். சீனாவின் ஷாண்டோங் மாகாணத்தில் ஷிடாவோ விரிகுடாவில் உள்ள எச்டிஆர்-பிஎம் அணுமின் நிலையத்தில், ஒவ்வொன்றும் 250 மெகாவாட் வெப்பம் தரும் இரண்டு சிறிய உலைகள், 210 மெகாவாட் மின்னாக்கும் ஒரே சுழலியை ஓட்டுகின்றன. அது 2021 திசெம்பரில் மின்வலையமைப்புடன் இணைக்கப்பட்டு, 2023 திசெம்பரில் வணிக இயக்கத்துக்கு வந்தது. ஒவ்வோர் உலைக்கும் தனி ஈலியச் சுற்று, தனி நீராவியாக்கி. இரண்டும் சந்திக்கும் முதல் இடம் நீராவிக் குழாய். அதன் அடுத்தகட்ட வடிவமைப்பு ஆறு உலைகளை ஒரே சுழலியுடன் இணைக்கத் திட்டமிடுகிறது. அமெரிக்காவின் நியூஸ்கேல் நிறுவனமோ இன்னும் ஒரு படி மேலே போய், 2023 சனவரியில் சான்றுபெற்ற தன் 50 மெகாவாட் வடிவமைப்பில் ஒவ்வோர் உலைக்கும் தனிச் சுழலியையே கொடுத்து, பொதுவான நீர்த்தொட்டியில் மட்டும் அவற்றைச் சேர்த்தது. ஒன்றின் நடத்தை மற்றொன்றைத் தொடக்கூடாது என்ற அச்சம் செலவைக் கூட்டினாலும், அதைக் குறைத்துக்கொள்ள அவர்கள் துணியவில்லை. தம்பலகாமத்துப் பொதுக் குழாயில் மூடி பறந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்த அச்சம் எளிதில் விளங்கும்.

அடுத்தது காற்றுப் பங்கீடு. செலவைக் குறைக்கப் பட்டறை ஒரே பெரிய மும்முனை மோட்டார் புளோவரை வைத்து, அதிலிருந்து ஆறு கிளைகளைப் பிரித்திருக்கிறது. கந்தளாய்க் குளத்து வாய்க்காலில் தலைமடை வயல் நிரம்பி வழியும்போது கடைமடைக்காரர் மண்வெட்டியோடு காத்திருப்பதைப் போன்றதே இதன் விளைவும்: புளோவருக்கு அருகிலுள்ள முதல் உலை கூடுதலாகக் காற்று பெற்றுச் சூடேறியது, ஆறாவது உலை புகைந்தது. இதைவிட நுட்பமான தொல்லை என்னவென்றால், ஒவ்வோர் உலையின் எதிர்ப்பும் நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிறது. புதிதாக நிரப்பியது ஒருவிதம், பாதி கரியானது வேறுவிதம், துளை விழுந்தது மற்றொருவிதம். துளை விழுந்த உலைக்கே அதிகக் காற்று போகிறது, அதனால் துளை இன்னும் பெரிதாகிறது. இதைக் கையால் வால்வு திருகிச் சரிசெய்ய முயல்வது வீண். ஒன்றைத் திருகினால் மற்ற ஐந்தும் மாறும்.

இதற்குள்ள வழக்கமான பரிகாரம், ஒவ்வொரு கிளையிலும் சிறு துளையுள்ள தகடு ஒன்றைப் பொருத்தி, அத்தகட்டின் எதிர்ப்பு உமிப் படுக்கையின் எதிர்ப்பைவிடப் பல மடங்காக இருக்கும்படி செய்வது. அப்போது படுக்கை எப்படி மாறினாலும் பங்கீட்டைத் தகடே தீர்மானிக்கும். இதைச் செய்தோம், பங்கீடு சீரானது. ஆனால் அந்த எதிர்ப்பைத் தள்ளப் புளோவர் கூடுதல் மின்சாரம் தின்கிறது, அது மாதாந்த மின்கட்டணத்தில் தெரிகிறது. என் கருத்தில் ஒவ்வோர் உலைக்கும் தனிச் சிறிய புளோவர் வைப்பதே நல்லது. ஆறு மோட்டார்களைப் பராமரிப்பது சிரமம் என்பது பட்டறையின் வாதம். அச்சிறு மோட்டார்கள் திருகோணமலை நகரக் கடைகளில் அன்றே கிடைப்பவை, பெரிய மோட்டாரின் சுருளைத் திரும்பச் சுற்றக் கொடுத்தால் ஆலை நின்றுவிடும் என்பது என் பதில்.

நேர ஒழுங்கைப் பற்றி விற்பவர்கள் பேசுவதே இல்லை, ஓட்டுபவரோ நாள் முழுதும் அதைப்பற்றி மட்டுமே நினைக்கிறார். ஆறையும் ஒன்றாகப் பற்றவைத்தால் ஆறும் ஒன்றாகத் தீர்ந்து, உலர்த்தி அரை மணி நேரம் குளிர்ந்து கிடக்கும். எனவே தொண்ணூறு நிமிடச் சுற்றை ஆறாகப் பிரித்து, பதினைந்து நிமிடத்துக்கு ஓர் உலை என்ற முறையில் பற்றவைக்க வேண்டும். கேட்க எளிது. நடைமுறையில் ஓட்டுபவர் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒன்றைப் பற்றவைக்கிறார், ஒன்றின் காற்றை அடைக்கிறார், ஒன்றிலிருந்து கரியைக் கொட்டுகிறார், ஒன்றை நிரப்புகிறார். எந்த உலை எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் சாக்கட்டியால் தகட்டில் எழுதிவைத்தால் தவிர மறந்துபோகும். காற்றை அடைக்கும் நேரம் தவறினால் கரி அடியிலிருந்து எரியத் தொடங்கி, சூடு எகிறி, சாம்பல் கட்டியாகிறது, சல்லடைத் தட்டு வளைகிறது. கட்டளைப் பெட்டியில் ஒவ்வோர் உலைக்கும் ஒரு மணிக்கூடும் ஒரு விளக்கும் இருந்திருந்தால் இத்தொல்லையில் பெரும்பகுதி தீர்ந்திருக்கும். இவ்வளவு இரும்பைச் செலவழித்த பட்டறை அந்தச் சிறு செலவை ஏன் விட்டது என்பது எனக்கு விளங்கவில்லை. ஒருவரால் ஓட்டலாம் என்று அவர்கள் சொன்னார்கள். இரண்டு பேர் வேண்டும், மழைநாளில் உமி நமுத்திருந்தால் இரண்டு பேருக்கும் ஓய்வில்லை.

வெப்பக் கட்டுப்பாட்டிலும் ஒரு பிழையான எண்ணம் இருந்தது. உலர்த்தியின் வாயிலில் சூட்டை அளக்கும் ஒரே தெர்மோகப்பிளை ஆதாரமாகக் கொண்டு, சூடு கூடினால் புளோவர் தணியவும் குறைந்தால் ஏறவும் ஏற்பாடு செய்திருந்தார்கள். உமிப் படுக்கை காற்றின் மாற்றத்துக்கு உடனே பதில் சொல்வதில்லை. அது பதில் சொல்லும்போது கட்டுப்பாட்டுப் பெட்டி ஏற்கனவே அளவுக்கு மிஞ்சித் திருப்பிவிட்டிருக்கும். இதனால் சூடு ஏறி இறங்கி அலைந்துகொண்டேயிருந்தது. அவித்த நெல் ஈரமாக இருக்கும் தொடக்கக் கட்டத்தில் அந்த அலைச்சலைத் தாங்கிவிடும். ஈரம் 18 வீதமளவுக்கு இறங்கிய பின் அதே சூடு பட்டால் மணி உள்ளே வெடித்து, குற்றும்போது குறுணலாகப் போகும். இப்போது உலைகளின் காற்றைத் தொடுவதில்லை. அவை ஒரே சீராக எரிகின்றன, உலர்த்திக்கு முன்னால் வெளிக்காற்றைக் கலக்கும் ஒரு தகட்டுக் கதவு மட்டுமே சூட்டைச் சரிசெய்கிறது. பின்கட்டத்துக்கு இரண்டு அல்லது மூன்று உலைகளை மட்டும் எரியவிட்டால் போதும். பல சிறு உலைகள் என்பதன் உண்மையான நன்மையை நான் இங்கேதான் கண்டேன்: பெரிய சூளையைக் கால்வாசி வலுவில் ஓட்டினால் அது புகையும், இங்கே ஒன்றை அணைத்தால் மற்றவை தம் முழுத் தரத்தில் எரிகின்றன.

புகைவாயு சேரும் பொதுக் குழாயின் அமுக்கம் பற்றி வாங்குபவர் கட்டாயம் கேட்க வேண்டும். அது வெளிக்காற்றைவிடக் கூடுதலாக இருந்தால், கரி கொட்டத் திறந்த உலையின் வழியே மற்ற நான்கின் சூடான புகை ஓட்டுபவரின் முகத்துக்கு வரும், அரைகுறையாக எரிந்த நேரமென்றால் காபன் மொனொக்சைட்டும் அதனுடன் வரும். அந்த வாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை. புகைபோக்கியின் அடியில் உறிஞ்சும் விசிறி ஒன்றை வைத்து, குழாயை எந்நேரமும் சற்றுக் குறைந்த அமுக்கத்தில் வைத்தோம். இதற்கும் ஒரு விலை உண்டு: திறந்த உலையின் வழியே குளிர்காற்று உள்ளிழுக்கப்பட்டு அனலைக் குறைக்கிறது. ஒவ்வோர் உலைக்கும் இறுக்கமாக மூடும் தகட்டுக் கதவு இருந்தால் இரண்டு தொல்லையும் இல்லை. வந்த கதவுகள் சூட்டில் நெளிந்து, விரல் நுழையும் இடைவெளி விட்டன. உலைகளைச் சுவர் நான்கும் அடைத்த கொட்டிலில் வைக்கவே கூடாது. கூரை மட்டும் போதும்.

அந்தக் குழாயே முதல் மாதத்தில் விரிசல் விட்டது. இரும்பு, ஒரு மீற்றர் நீளத்துக்கு, ஒவ்வொரு 100 பாகை சூட்டுக்கும் 1.2 மில்லிமீற்றர் நீள்கிறது. ஆறு மீற்றர்க் குழாய் 500 பாகை ஏறினால் 36 மில்லிமீற்றர். ஆறு உலைகளின் கழுத்துகளையும் அதனுடன் அசைய இடமின்றி ஒட்டிவைத்தால், ஓரத்து உலைகளின் ஒட்டுக்கள் பிளப்பதைத் தவிர வேறு வழியில்லை. செராமிக் நார்க் கயிறு அடைத்த வழுக்கு மூட்டுகளை இப்போது வைத்திருக்கிறார்கள். தம்பலகாம விரிகுடாவின் உப்புக்காற்று, வேலையில்லாத வாரங்களில் தகட்டைத் தின்கிறது. சிறுபோகத்துக்கும் பெரும்போகத்துக்கும் இடையில் உலைகளுக்குள் சாம்பலை விட்டுவைத்தால் அது ஈரத்தை இழுத்து அடித்தட்டைத் துருவாக்கிவிடும்.

“ஒன்று நின்றாலும் ஐந்து ஓடும்” என்பது விற்பனைப் பேச்சின் நடுநாயகம். ஓர் உலையின் சல்லடை வளைந்தபோது மற்ற ஐந்தும் ஓடியது உண்மைதான். ஆனால் ஒரே புளோவர், ஒரே உறிஞ்சும் விசிறி, ஒரே கட்டளைப் பெட்டி, ஒரே மின்னிணைப்பு என்று பொதுவாக உள்ளவை நின்றால் ஆறும் நிற்கும். மின்சாரம் போவதே இவற்றுள் முக்கியமானது. 2022இன் நீண்ட மின்வெட்டுகளும், நாடு முழுவதும் இருண்ட 2025 பெப்ரவரி 9ஆம் திகதியும் ஆலைக்காரர் யாருக்கும் மறந்திருக்காது. உமி உலையை விசையை அமுக்கி அணைக்க முடியாது. ஊதல் நின்ற பின்னும் உள்ளே கனன்று, வாயுவைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கும். ஷிடாவோ விரிகுடா உலைகளில் 2023இல் குளிரூட்டலை வேண்டுமென்றே நிறுத்திச் சோதித்தபோது, வெளி உதவியின்றி இயற்கையாகவே அவை சூடு தணிந்தன. நம் தொகுதிக்கு அந்த அளவு நுட்பம் வேண்டியதில்லை. மின்சாரம் நின்றதும் பாரத்தால் தானாகத் திறந்து, வாயுவைப் புகைபோக்கிக்கு விடும் ஒரு பக்கக் கதவு போதும். அது வரவில்லை, நாங்கள் வைத்தோம். தனிச் சிறு புளோவர்கள் இருந்திருந்தால் ஒரு லொறி பற்றரியே எரிந்துகொண்டிருக்கும் நிரப்புகளை முடித்துக் கொடுத்திருக்கும் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வழக்கமான உமிச் சூளையுடன் ஒப்பிட்டால், சூளை மலிவு, ஒரு ஆள் போதும், நமுத்த உமியையும் எப்படியோ எரித்துவிடும். ஆனால் அதன் புகை அயலவருடன் சண்டையைக் கொண்டுவருகிறது, குறைந்த வலுவில் அதை ஓட்டவே முடியாது. நாளுக்கு ஒரே வகை நெல்லை ஒரே அளவில் முழு வலுவில் உலர்த்தும் பெரிய ஆலைக்கு இந்த ஆறு உலைத் தொகுதி தேவையில்லை. கந்தளாய், மூதூர், கிண்ணியா, தம்பலகாமம் பக்கங்களில் சம்பாவும் நாடுமாக மாற்றி மாற்றி, இன்று இவ்வளவு நாளை அவ்வளவு என்று அவிக்கும் சிறிய ஆலைகளுக்கு இது பொருந்தும். அதுவும் வாயுவைக் குழாயில் சேர்க்காத இரண்டாவது அமைப்பு மட்டும். முதல் அமைப்பை விலை குறைத்துத் தந்தாலும் வாங்க வேண்டாம்.

சாம்பலுக்கு இடம் ஒதுக்காமல் பொருத்தியவர்கள் இரண்டாம் வாரமே தவிப்பார்கள். ஒரு நிரப்பு 9 முதல் 10 கிலோகிராம் கரியும் சாம்பலும் விடுகிறது, மணிக்கு நான்கு நிரப்பு, எட்டு மணி வேலைக்கு 300 கிலோகிராம். சூடாகக் கொட்டிய கரி காற்றுப் பட்டால் மறுபடி கனன்று வெள்ளைச் சாம்பலாகும், அதிக சூட்டில் உருவாகும் அந்தத் தூளின் சிலிக்கா நுரையீரலுக்குக் கேடு; எனவே கொட்டிய உடனே நீர் தெளித்துக் கறுப்பாகவே வைத்திருக்க வேண்டும், கொட்டுபவர் முகமூடி அணிய வேண்டும். கறுத்த உமிக்கரியை நாற்றுமேடைக்கும் பூந்தொட்டிக்கும் கேட்டு வருகிறார்கள். தம்பலகாமத்து ஆலையில் இப்போது அதைச் சாக்கில் கட்டிக் கொடுப்பதற்கென்று ஓட்டுபவரின் உதவியாள் பின்னேரங்களில் தனியாக ஒதுக்கப்பட்டிருக்கிறார்.